‘எங்கய்யா மெதுவாப் போகட்டும்!’ - தனுஷ்கோடி வீடியோ கற்றுக்கொடுத்த எடிட்டிங் பாடம்

தனுஷ்கோடியில், இடிந்து நிற்கும் அந்தப் பழைய தேவாலயத்தின் நிழலில் அம்மாச்சியை உட்காரவைத்து செல்போனில் வீடியோ எடுத்தோம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அவருடைய அப்பா போய்ச் சேர்ந்தார். அப்போது அம்மாச்சிக்குப் பத்து வயது. சித்திக்குப் பிரசவம் என்று இரண்டு நாளுக்கு முன்புதான் தாயும் மகளும் பாம்பனுக்கு வந்திருக்கிறார்கள். வலையையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு வர மனசில்லாமல் அய்யா மட்டும் தனுஷ்கோடியில் தங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தவர்கள் அப்பாவை ‘அய்யா’ என்றுதான் சொல்வார்கள்.

அய்யாவின் நினைவாக வீட்டில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. சித்தி வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்ததால் தப்பியது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கேமராவைப் பார்த்து மிரண்ட கண்கள்.

அம்மாச்சி பேசும்போது திரையின் மூலையில் அந்தப் போட்டோ சின்னக் கட்டமாக வர வேண்டும் என்று நினைத்தேன். ‘பிக்சர் இன் பிக்சர்’ என்பார்களே, அதுதான். அரை மணி நேரத்தில் முடித்து, பெருமையாக அம்மாச்சியிடம் போனை நீட்டினேன்.

‘படக்’ என்று போட்டோ வந்தது. ஐந்து விநாடி நின்றது. ‘படக்’ என்று காணாமல் போனது.

அம்மாச்சி நிமிர்ந்து பார்த்தார். “ஏத்தா, எங்கய்யா எங்கிட்டுப் போனாரு?”

“அவ்வளவுதான் அம்மாச்சி, படம் முடிஞ்சிருச்சு.”

“வந்ததும் தெரியல, போனதும் தெரியல. அன்னைக்கும் இப்படித்தான்” என்றார்.

அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாமல் அன்றே அழித்துவிட்டேன். ஒரு படம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

படத்துக்குள் படம்: நமக்குப் புதிதல்ல

பெயர்தான் புதிது, காட்சி நமக்குப் பழக்கமானது. தொலைக்காட்சிச் செய்தியில் ஓரத்துக் கட்டத்தில் ஒருவர் சைகை மொழியில் பேசுவாரே, அது படத்துக்குள் படம். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது, இதய வடிவத்துக்குள் மணப்பெண்ணின் முகம் சுழன்று சுழன்று வருமே, அதுவும் இதே ஜாதிதான். வீடியோ கேசட் காலத்தில் ‘மிக்ஸிங்’ என்ற பெயரில் இதற்குத் தனிக் கட்டணமே வாங்கினார்கள்.

இன்று அந்த வசதி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்தே ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ என்ற யூடியூப் சேனல் உலகம் முழுக்கத் தமிழர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடலில் வலை வீசுவதையும் மீன் ஏறுவதையும் நேரில் பார்ப்பதுபோல் காட்டலாம் என்ற நம்பிக்கையை இந்தப் பக்கத்து இளைஞர்களுக்குக் கொடுத்ததில் அப்படிப்பட்ட சேனல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பக்கம் கடல், மூலையில் பேசுகிறவர் முகம் என்று போட்டுவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டிவிடலாம்.

ஆனால், அந்தக் கட்டம் திடீரென்று முளைத்து திடீரென்று மறைந்தால் பார்க்கிறவர் கண், பேசுகிறவரை விட்டுவிட்டு அங்கே ஓடும். கண்ணின் இயல்பு அது. ஓரத்தில் ஏதாவது சட்டென்று அசைந்தால் உடனே திரும்பிப் பார்க்கும். மெல்ல வந்தால், பார்வை பதறாமல் தானாக அங்கே போகும். இந்த மெல்ல வரும் வித்தைக்குப் பெயர்தான் ‘ஃபேட்’. வரும்போது ‘ஃபேட் இன்’, போகும்போது ‘ஃபேட் அவுட்’.

நூறிலிருந்து பூஜ்யம் வரை

உள்ளே என்னதான் நடக்கிறது? ஜன்னல் கண்ணாடியில் ஒரு போட்டோவை ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடல். போட்டோ இருக்கும் இடத்தில் கடல் தெரியாது. அந்தப் போட்டோ கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி போலவே மாறினால்? பின்னால் இருக்கும் கடல் மெல்ல மெல்லத் தெரியவரும். கடைசியில் போட்டோ இருந்த சுவடே இருக்காது.

எடிட்டிங் செயலிகளில் இதை ‘ஒபாசிட்டி’ என்ற அளவால் சொல்கிறார்கள். 100 என்றால் போட்டோ முழுசாகத் தெரியும். 0 என்றால் தெரியவே தெரியாது. 50 என்றால் அந்த இடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பாதி போட்டோவின் நிறம், பாதி பின்னணியின் நிறம்.

செல்போன் வீடியோ பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில் பதிவாகிறது. ஒரு விநாடியில் போட்டோ வர வேண்டும் என்றால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒபாசிட்டி சுமார் 3.3 ஏற வேண்டும். அந்தக் கணக்கை நாம் போட வேண்டாம். ‘இங்கே 0, அங்கே 100’ என்று இரண்டு இடத்தில் குறி வைத்தால் போதும். நடுவில் உள்ளதைச் செயலியே நிரப்பிவிடும். அந்தக் குறிக்குப் பெயர் ‘கீஃப்ரேம்’. பல செயலிகளில் வைரக்கல் வடிவத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதுதான்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த வித்தை இருந்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டிலேயே இரண்டு ‘மாய விளக்கு’களை ஒரே திரையில் காட்டி, ஒன்றின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே இன்னொன்றைக் கூட்டிக் காட்சியை மாற்றினார்கள். சினிமா வந்தபின் பிரான்ஸின் ஜார்ஜ் மெலியஸ், 1899-ல் எடுத்த ‘சிண்ட்ரெல்லா’ படத்தில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறுவதைக் காட்டினார். கேமராவுக்குள் வரும் வெளிச்சத்தை மெல்லக் குறைத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே ஃபிலிமில் அடுத்த காட்சியை மெல்லத் திறந்து பதிவுசெய்வார்கள். கொஞ்சம் பிசகினாலும் ஃபிலிம் வீண். நமக்கு அந்தக் கவலை இல்லை. தப்பானால் ‘அன்டூ’ இருக்கிறது.

நான் செய்த இரண்டாவது தப்பு

முதல் தடவை ஃபேட்டே இல்லை. இரண்டாம் தடவை ஃபேட் இருந்தது, ஆனால் தப்பான ஃபேட்!

அய்யாவின் போட்டோவை முதலில் தனி வீடியோவாகச் செய்தேன். ஆரம்பத்திலும் முடிவிலும் ஃபேட் வைத்தேன். தனியாக ஓட்டிப் பார்த்தால் அழகாக இருந்தது. அதை அம்மாச்சியின் வீடியோ மேல் வைத்ததும்தான் விபரீதம் தெரிந்தது. முதலில் ஒரு கறுப்புக் கட்டம் ‘படக்’ என்று முளைத்தது. அதற்குள்ளிருந்து அய்யா வந்தார். போகும்போதும் கறுப்புக்குள் மூழ்கினார். கட்டம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறைந்தது.

“அக்கா, இரங்கல் போஸ்டர் மாதிரி இருக்கு” என்றாள் தங்கை.

தங்கச்சிமடத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நூற்றுக்கணக்கான கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்தவர். பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

“ஏம்மா, நீ படத்த இருட்டுக்குள்ளதான அனுப்பிருக்க, கடலுக்குள்ள அனுப்பலையே?”

விஷயம் இதுதான். ஃபேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படம் கறுப்பாக மாறுவது. இன்னொன்று, படம் கண்ணாடியாக மாறுவது. முழுத் திரைக்கு முதல் வகை சரி. பின்னால் வேறு ஒன்றும் இல்லையே! சின்னக் கட்டத்துக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். ஏனென்றால், பின்னால் இன்னொரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஃபேட் டு பிளாக்’, ‘டிப் டு பிளாக்’ என்ற பெயர்களைப் பார்த்தால் சின்னக் கட்டத்துக்கு அதைத் தொடாதீர்கள். ‘ஒபாசிட்டி’, ‘டிசால்வ்’, லேயருக்கான ‘ஃபேட்’ என்று இருப்பதுதான் நமக்கானது.

செல்போனில் செய்வது எப்படி?

கைன்மாஸ்டர், இன்ஷாட், வி.என் போன்ற செயலிகள் எல்லாவற்றிலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். பொத்தான்களின் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

1. பெரிய வீடியோவை, அதாவது அம்மாச்சி பேசுவதை, முதலில் டைம்லைனில் வையுங்கள்.

2. போட்டோவை அதன் மேல் அடுக்காகச் சேருங்கள். கைன்மாஸ்டரில் இதற்கு ‘லேயர்’ என்று பெயர். இன்ஷாட்டில் ‘பி.ஐ.பி’. முதல் வீடியோவுக்குப் பக்கத்தில் அல்ல, மேலே சேர்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

3. போட்டோவைச் சின்னதாக்கி ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். பேசுகிறவர் முகத்தையும் கைகளையும் மறைக்கக் கூடாது. ரீல்ஸ் போல் நிமிர்ந்த வீடியோ என்றால் கீழ்ப் பகுதியையும் வலது ஓரத்தையும் தவிர்ப்பது நல்லது. லைக், கமென்ட் பொத்தான்கள் அங்கேதான் வந்து உட்காரும்.

4. எளிய வழி: லேயரைத் தொட்டு, ‘அனிமேஷன்’ பகுதியில் உள்ளே வரும் அனிமேஷனுக்கும் வெளியே போகும் அனிமேஷனுக்கும் ‘ஃபேட்’ தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே எத்தனை விநாடி என்று கேட்கும்.

5. கூடுதல் கட்டுப்பாடு வேண்டுமா? கீஃப்ரேம் வழிக்கு வாருங்கள். போட்டோ தொடங்கும் இடத்தில் ஒரு குறி, ஒபாசிட்டி 0. ஒரு விநாடி தள்ளி இன்னொரு குறி, ஒபாசிட்டி 100. போட்டோ முடிவதற்கு இரண்டு விநாடி முன்னால் மறுபடி 100. முடிவில் 0. மொத்தம் நான்கு குறிகள்.

மூன்றாவது குறியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மறந்தால், முழுசாக வந்த நொடியிலிருந்தே படம் மங்கத் தொடங்கிவிடும். ‘வா, நில், போ’ என்று மூன்று வேலை இருக்கிறது. ‘நில்’ என்று சொல்வதற்குத்தான் நடுவில் இரண்டு 100.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். மேல் ட்ராக்கில் இருக்கும் துண்டின் மேல் மூலையில் ஒரு சின்னக் கைப்பிடி தெரியும். அதை உள்பக்கமாக இழுத்தால் ஃபேட் தயார். எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு மெதுவாகப் படம் கரையும்.

எத்தனை விநாடி?

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால், ஸ்டூடியோ அண்ணன் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. சமையல் வீடியோவில் மசாலாப் பொட்டலத்தைக் காட்டுவதற்கு அரை விநாடிக்கும் குறைவாக இருந்தால் போதும். ஒரு மனிதரின் படம் என்றால் வருவதற்கு ஒரு விநாடி. போவதற்கு ஒன்றரையிலிருந்து இரண்டு விநாடி.

“வாசல்ல ஆள் வந்தா உடனே கதவத் திறக்கணும். போறவங்கள தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டுதான நிப்போம்? அந்தக் கணக்குதான்மா இது” என்றார்.

எங்கே தொடங்க வேண்டும் என்பதும் முக்கியம். பேச்சின் நடுவில் போட்டோ வந்தால் காதுக்கும் கண்ணுக்கும் சண்டை. அம்மாச்சி “எங்கய்யா...” என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் போட்டோ வரத் தொடங்க வேண்டும். அடுத்த வார்த்தைக்குள் முழுசாக வந்துவிட வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்க, திரையைப் பார்க்காமல் ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மூச்சு எங்கே நிற்கிறது என்று காது சொல்லிவிடும்.

சின்னக் கட்டத்தில் போட்டோவுக்குப் பதில் வீடியோ ஓடினால், அதன் சத்தத்தையும் கவனியுங்கள். படம் மெல்லக் கரைந்து, சத்தம் மட்டும் வெட்டியது போல் நின்றால் அசிங்கமாக இருக்கும். படத்தோடு சேர்த்துச் சத்தத்தையும் மெல்லக் குறையுங்கள். பேசுகிறவர் குரல் முக்கியம் என்றால், சின்னக் கட்டத்தின் சத்தத்தை முழுசாகவே அணைத்துவிடலாம்.

வெள்ளை பார்டர் செய்யும் குறும்பு

பழைய போட்டோவுக்கு வெள்ளை பார்டர் அழகுதான். ஆனால், பார்டரைத் தனி லேயராகவும் போட்டோவைத் தனி லேயராகவும் வைத்து இரண்டுக்கும் ஃபேட் கொடுத்தால், கரையும்போது போட்டோவுக்குள் வெள்ளை தெரியும். முகம் வெளிறிப்போகும். இரண்டுமே பாதி கண்ணாடியாகும்போது, ஒன்றன் வழியாக மற்றொன்று தெரிவதால் வரும் வினை இது. பார்டரோடு சேர்த்துப் போட்டோவை ஒரே படமாக முதலில் சேமித்துக்கொண்டு, பிறகு வீடியோவில் சேருங்கள். பிரச்னை தீர்ந்தது.

பழைய போட்டோவைப் போனில் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் ஓரத்தில், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், போட்டோவைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். முடிந்தால் சட்டத்தின் கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஒட்டிப்போயிருந்தால் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சற்றுச் சாய்த்து, பிரதிபலிப்பு விழாத கோணம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பாம்பன் பாலத்தில் ஒரு பயிற்சி

கை பழக ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். பாம்பனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பாலத்தை வீடியோ எடுக்காமல் போவதில்லை. 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய ரயில் பாலம், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கைகளைப் போல் மேலே தூக்கிவந்தது. அதில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல் லிஃப்ட் போல் அப்படியே நேராக மேலே போகிறது.

புதிய பாலம் உயர்வதைப் பெரிய படமாக வையுங்கள். பழைய பாலம் திறந்த வீடியோ உங்கள் வீட்டில் யாரிடமாவது இருக்கும். அதைச் சின்னக் கட்டமாக மேல் மூலையில் வையுங்கள். புதிய பாலம் அசையத் தொடங்கும்போது பழையது மெல்ல வரட்டும். புதியது உச்சிக்குப் போய் நின்றதும் பழையது மெல்லக் கரையட்டும். ஒரு வார்த்தை பேசாமலே நூற்றுப் பத்து வருடக் கதையைச் சொல்லிவிடலாம்.

இன்னும் ஒரு படி மேலே போக ஆசையா? புயலுக்கு முன் தனுஷ்கோடி ரயில் நிலையம் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஒரே இடத்தில் காட்டலாம். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி இலங்கைக்குள் போன காலம் அது. பழைய போட்டோ எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, ஏறக்குறைய அதே இடத்தில் நின்று வீடியோ எடுங்கள். எடிட்டிங்கில் போட்டோவின் ஒபாசிட்டியை 50-ல் வைத்துக்கொண்டு, சுவர் மேல் சுவர் பொருந்தும்வரை நகர்த்துங்கள். பொருந்தியபின் கீஃப்ரேம் வைத்து 100-லிருந்து 0-க்கு, நான்கைந்து விநாடியில் இறக்குங்கள். முழுச் சுவர், பார்க்கப் பார்க்க மொட்டைச் சுவராகும். இணையத்தில் கிடைக்கும் பழைய போட்டோக்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. அனுமதி கேட்டுப் பயன்படுத்துவதுதான் முறை.

“இன்னொரு தடவ போடு”

அய்யாவின் வீடியோவுக்குத் திரும்புவோம். மூன்றாம் தடவை நான்கு குறிகளையும் சரியாக வைத்தேன். அந்த இரவைப் பற்றி அம்மாச்சி சொல்கிறார். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலைக்குள் போனதும், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீளாததும் ஊரறிந்த கதை. அம்மாச்சி சொன்னது அந்தக் கதையை அல்ல. விடிந்ததும் பாம்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அய்யா வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்த பத்து வயசுப் பெண்ணின் கதையை.

“எங்கய்யா...” என்று நிறுத்தினார். மேல் மூலையில், வானத்தின் மேல், அய்யா மெல்ல வந்தார். ஒன்பது விநாடி நின்றார். பிறகு அம்மாச்சி பேச்சை முடித்துவிட்டுக் கடல் பக்கம் முகத்தைத் திருப்புகிறார். அங்கேதான் கரையத் தொடங்கும்படி வைத்தேன். முதலில் வெள்ளைச் சட்டைக்குள் மேகம் தெரிந்தது. அப்புறம் முகம். கடைசியில் வெறும் வானம். அம்மாச்சி இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அங்கே அவரை இன்னும் மூன்று விநாடி விட்டுவைத்து, வீடியோவை முடித்தேன்.

போனைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மாச்சி, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னொரு தடவ போடு. எங்கய்யா இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு.”

அன்றைக்கு மட்டும் ஏழெட்டு முறை போட்டுக் காட்டினேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு போட்டோ இருக்கும். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஒருவர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.